கம்பியை எடுத்து வைக்கிறவர்

உயரம் தாண்டுகிறவர்களைப் பார்க்க ஊரே டி.வி. முன்னால் உட்காரும். அவர்கள் தட்டிவிட்ட கம்பியைப் பொறுக்கி மறுபடி மேலே வைக்கிறவனை எவன் பார்த்தான்? பெரிய விளையாட்டு அரங்கத்தில் அந்த வேலையைத்தான் நம் ஆள் தலை நரைக்கும்வரை பார்த்தார். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்ப மாட்டார். கம்பிக்காரரே என்றால்தான் திரும்புவார். ஒரு கம்பத்தில் இவர், எதிர்க் கம்பத்தில் 'ஒட்டடைக்குச்சி' என்ற நெட்டை ஆள்.

அப்படிப்பட்டவருக்கு வலது தோள் இறுகிப்போனது. கை தோளுக்கு மேல் போனால் உயிர் போகும். அதுவும் எந்த நேரத்தில்? பல நாட்டு வீரர்களும் வருகிற பெரிய போட்டி நெருங்கும்போது! அப்படி ஒரு நாளில் அந்தக் கம்பத்தடியில் நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் கையில் ஒரு விசிலைக் கொடுத்து கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பிவிடுவார். அதனால் அரங்கத்தில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

வீட்டில் மறைக்க முடியுமா? மருமகள் யோகா சொல்லிக்கொடுக்கிறவள், மாடி அறையில் வகுப்பு நடத்துகிறவள். மாமனார் சட்டைக்குள் கையை விட முடியாமல் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தவள், மறுநாளே அவரைச் சுவர் முன்னால் நிறுத்திவிட்டாள்.

"விரலால மெதுவா சுவர்ல ஏறுங்க மாமா. வலி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நின்னுடுங்க. அங்கேயே மூச்சு விடுங்க."

"முன்னாடியே நின்னா கை எப்படிம்மா மேல போகும்?"

"நின்னாத்தான் மாமா போகும்."

என்ன பேச்சு இது! மகன் சொல்லியிருந்தால் கிழி கிழி என்று கிழித்திருப்பார். மருமகளாகப் போய்விட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் அந்தப் பக்கம் போனதும் விரல் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மறுநாள் அதற்கு மேலே ஒரு கோடு. போட்டியில் அப்படித்தானே கம்பியை ஏற்றிக்கொண்டே போவார்கள்? எத்தனை பெரிய ஆட்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவர் அவர்! நேற்று வந்த பெண்ணா அவருக்கு முயற்சியைப் பற்றிச் சொல்வது? கண்ணில் தண்ணீர் வர வர ஏறினார். கொஞ்ச நாள் கோடுகளும் ஏறின. பிறகு ஒரு காலையில், முதன்முதலில் போட்ட கோட்டைக்கூட விரல் தொடவில்லை.

"யாரு மாமா சுவர்ல கிறுக்கினது?"

"எனக்கென்ன தெரியும்?"

"இல்ல, நம்ம வீட்ல சின்னப் பிள்ளைங்க யாரும் இல்லையேன்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போட்டி நாளும் வந்தது. இடது கை கம்பியைத் தூக்க வேண்டும், வலது கை அது ஆடாமல் தாங்கியில் உட்காரும்படி பிடித்துவிட வேண்டும். இரண்டு கையும் வேண்டிய வேலை. கம்பி தாழ்வாக இருந்தவரை எப்படியோ சமாளித்தார். உயர உயரத்தான் வந்தது வினை. வீரன் தாண்டினால் கம்பி இன்னும் மேலே போகும். தாண்டாவிட்டால் விழுந்த கம்பியை இவர் தூக்கி வைக்க வேண்டும். எவன் ஜெயித்தாலும் தோற்றாலும் ஆப்பு இவருக்குத்தான். அரங்கமே "தாண்டு, தாண்டு" என்று கத்த, இவர் மட்டும் "போதும்டா, வீட்டுக்குப் போய்த் தொலைங்கடா" என்று முணுமுணுத்தார். இத்தனை வருஷம் காத்திருந்த நாள் இதுதானா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் ஒரே ஒருவன் மிஞ்சினான். ஜெயித்தாகிவிட்டது, பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? அவனோ கம்பியை இன்னும் ஏற்றச் சொன்னான். மூன்று வாய்ப்பு. முதல் தடவை விழுந்தது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைத்தார். இரண்டாம் தடவையும் விழுந்தது. "பாவி, அதான் ஜெயிச்சிட்டியே!" என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே தூக்கினார். தோளுக்குள் சுரீர் என்றது. கம்பி உட்கார்ந்தது.

மூன்றாவது தடவைக்கு அவன் தூரத்தில் போய் நின்றான். கண்ணை மூடி, வயிறு அசைய, நிதானமாக மூச்சு விட்டான். கூட்டம் தாளம் போட்டது. அவன் குனிந்து கணுக்காலைத் தொட்டுப் பார்த்தான், ஒரு தடவை அழுத்தினான், தலையை ஆட்டிக்கொண்டான். நடுவரைப் பார்த்து, போதும் என்று கை காட்டிவிட்டு ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான்.

கம்பிக்காரருக்கு வந்ததே கோபம்! இதற்கா உயிரைக் கொடுத்து எடுத்து வைத்தது? அவனோ வெறுங்காலோடு, நொண்டாமல், சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனான். ஏறிக்கொண்டே போனவர்களைத்தான் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறோம், நிறுத்திக்கொண்டவர்களைப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மருமகள் சொன்னதையே இவனும் செய்து காட்டிவிட்டுப் போகிறானே என்று எரிச்சல் இன்னும் ஏறியது.

"என்ன நின்னுட்டிருக்கீங்க? கம்பியை இறக்குங்க" என்றார் மேற்பார்வையாளர்.

ஒட்டடைக்குச்சி தன் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இவர் கை இடுப்பை விட்டு எழவில்லை.

"குச்சி, இந்தப் பக்கமும் நீயே எடுத்துடுப்பா. எனக்குக் கை தூக்க வரலை. மாசக்கணக்கா வரலை."

ஒட்டடைக்குச்சி ஓடிவந்து இந்தப் பக்கத்தையும் இறக்கினான். மேற்பார்வையாளர் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து நீட்டினார். "நாளைக்குப் பெண்கள் போட்டிக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன். நீங்க கார் நிறுத்துற இடத்துக்குப் போயிடுங்க" என்றார்.

மறுநாள் காலையில் கம்பிக்காரர் சுவர் முன்னால் போய் நின்றார். சட்டைப் பையில் விசில் இருந்தது. விரல் மெல்ல மெல்ல ஏறி, எல்லாப் பென்சில் கோட்டுக்கும் கீழே, வலி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

வாசலில் நின்று பார்த்த மருமகள் கேட்டாள், "அங்கேயே நின்னுட்டீங்களா மாமா?"

"தெரியுதில்ல? பேசாம போம்மா" என்று சுவரைப் பார்த்தபடியே எரிந்து விழுந்தார். "மூச்சு விட்டுட்டிருக்கேன்."