புதுசு மட்டும் போதும்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷினிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை மூலைக்கு மூலை பிசகாமல் மடித்து அடுக்குவது அவள் வேலை. நோயாளிகளின் சட்டைப் பைகளில் வருகிற சீப்பு, பொத்தான், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். தேடி வருகிறவர்கள் குறைவு. "ஆளே போய்ச் சேர்ந்திருப்பாங்க, சீப்புக்கா வரப்போறாங்க?" என்று கூட வேலை செய்கிறவள் சிரிக்கும்போதெல்லாம், மடிப்பக்கா அந்த முகம் தெரியாதவர்களுக்காக வாய்க்குள்ளேயே வேண்டிக்கொள்வாள்.

அவள் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டியவர். நெஞ்சுவலியில் அவர் போனபிறகு மிஞ்சியது அவளும், படிக்கிற மகளும், வாசலில் நிற்கும் அந்த வெள்ளைக் காரும்தான். ஓட்டத் தெரியாத கைக்குக் கார் எதற்கு? கொழுந்தன் வந்தான். வண்டியை நான் ஓட்டுகிறேன், விடியற்காலையில் உங்களை வேலைக்குக் கொண்டு விடுகிறேன், ஓட்டுகிறவன் பேரில் இருந்தால் பெர்மிட் வாங்கச் சுலபம் என்றான்.

"பேருதான் அண்ணி என்னுது. வண்டி உங்களுது, பாப்பாவுது" என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னான். அவன் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். சாமிக்கு முன்னால் சொன்ன வார்த்தைக்கு மேல் சாட்சி வேண்டுமா என்ன?

இரண்டு சாவியில் ஒன்று அவனிடம் போனது. மற்றது சாமி படத்தின் காலடியில் இருந்தது. அவன் வேலைக்குப் போகாத நாட்களில் அவள் அதை எடுத்துக்கொண்டு போய், காரில் உட்கார்ந்து, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவாள். சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று வீட்டுக்காரர் கற்றுக்கொடுத்த ஒரே டிரைவிங் அது. அந்த உறுமலில் அவர் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். மகளுக்கு அப்பன் வைத்துவிட்டுப் போனது பத்திரமாக இருக்கிறது என்றும் தோன்றும்.

ஒருநாள் கொழுந்தன் தொங்கிய முகத்தோடு வந்தான். சவாரி போன இடத்தில் சாவி தொலைந்துவிட்டதாம். ஷோரூமில் கேட்டால், கம்பெனியிலிருந்து வரவழைக்க வேண்டும், காத்திருங்கள் என்றார்களாம். அதுவரை அவள் சாவியில்தான் வண்டி ஓடியது. காலையில் கேட்டு வாங்கி, சாயங்காலம் திருப்பிக் கொடுப்பான். கேட்டு வாங்குவது அவனுக்குக் கசந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

புதுச் சாவி வந்த அன்று அவளும் கூடப் போனாள். பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர், செருப்பைக் கழற்றலாமா என்று தயங்க வைக்கிற சுத்தம். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து, "ஓனர் யாரு?" என்றாள். "நான்தான்" என்றான் கொழுந்தன். காகிதப்படி சரிதான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது.

வண்டியின் கம்ப்யூட்டரில் பழைய சாவிகளை எல்லாம் அழித்துவிட்டு, கொடுக்கிற சாவிகளை மட்டும் மறுபடி சேர்ப்போம், தொலைந்த சாவி யார் கையில் கிடைத்தாலும் இனி வண்டி கிளம்பாது என்று அந்தப் பெண் விளக்கினாள். கையில் இருக்கும் பழைய சாவியையும் கேட்டாள். வண்டியை நிறுத்தியதும் அவன் திருப்பிக் கொடுத்திருந்ததை மடிப்பக்கா முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். கொழுந்தன் இரண்டையும் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கோடு உள்ளே போனான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, நல்லபடியாக முடியட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அவள் சாவியைப் போன் நம்பர் அச்சடித்த ஒரு அழகான கவரில் போட்டுத் தந்தார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அடுத்து அவன் வேலைக்குப் போகாத ஒரு நாளில் வழக்கம்போல் காரில் போய் உட்கார்ந்தாள். கதவு திறந்தது. என்ஜின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. நாம்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பதறி, கவரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். அதே பெண்தான் எடுத்தாள்.

"அந்தச் சாவிய சேர்க்கவே இல்லையே மேடம். புதுசு மட்டும் போதும்னு ஓனர் சாரே சொன்னாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லியிருப்பான்மா. நான்தான் மறந்திருப்பேன்" என்றாள் மடிப்பக்கா. அவனை அப்போதும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

சாயங்காலம் அவனே வந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டாள். குரல்கூட உயரவில்லை.

"நீங்க என்ன, வண்டி ஓட்டவா போறீங்க?" என்றான் அவன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, வண்டிக்கு ஆள் வந்திருக்கிறது, வாங்குகிறவன் இரண்டு சாவி கேட்கிறான், பழையதைக் கொடுத்தால் ஷோரூமில் அதையும் சேர்த்துவிடலாம் என்றான்.

அவளுக்கு எல்லாம் விளங்கிப்போனது. "சாமி முன்னாடி நின்னு சொன்னியேப்பா" என்றாள்.

"சாமியா அண்ணி ஆர்சி புக்குல கையெழுத்துப் போட்டுச்சு?"

உள்ளே மகள் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"புதுசு மட்டும் போதும்னு நீயேதான அங்க சொன்னே. அப்புறம் இந்தச் சாவி எதுக்கு உனக்கு?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஆயுளில் அவள் ஒரு ஆளின் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

அதனால் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அவன் ஷோரூமில் இன்னொரு சாவிக்கு எழுதிக்கொடுத்து வாங்கினான். ஓனர் கேட்டால் கொடுக்கத்தானே செய்வார்கள்? ஒரு மத்தியான நேரத்தில் யாரோ ஒருவர் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது.

மடிப்பக்கா இப்போது இருட்டோடு எழுந்து வேலைக்கு நடந்துதான் போகிறாள். சாவியைத் திரும்ப சாமி படத்தடியில் வைக்க அவளுக்குக் கூசியது. வேலைக்குக் கொண்டுபோய் பிஸ்கட் டப்பாவில் போட்டாள்.

"யாருதுக்கா இது?" என்று கேட்டாள் கூட வேலை செய்கிறவள்.

"தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த விரிப்பின் மூலையைப் பிடித்தாள்.