எஸ்தர் டின்

என் மகன் சாப்பிட்டுவிட்டு முற்றத்துச் செடித் தொட்டியில் கை கழுவினான். சுட்டுக் கிடந்த மண்ணில் தண்ணீர் பட்டதும் ஒரு வாடை எழுந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தேரிக்காட்டு வீட்டில் இருந்த அதே வாடை.

அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சுற்றிலும் செம்மணல், மத்தியானம் கால் வைக்க முடியாது. கிணறோ அரை மைல் தள்ளி இருந்தது. அம்மா மண்ணெண்ணெய் டின்களில் மண் நிரப்பி ஆளுக்கொரு செடி வைத்தாள். சாப்பிட்டதும் அவரவர் டின்னில்தான் கை கழுவ வேண்டும். மாற்றிக் கழுவினால் அடி விழும். எனக்குக் கத்தரி, தங்கை எஸ்தருக்குக் கனகாம்பரம்.

அந்தக் கோடையில் எஸ்தர் காய்ச்சலில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்து வந்து சாப்பிட்டோம். அவரவர் டின்னில் கை கழுவினோம். மறுநாளும் அப்படியே. கனகாம்பரம் தலை தொங்குவதை வேளைக்கு வேளை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்தாம் நாள் அம்மா கேட்டாள். "ஏட்டி, செடி காயுதே, ஒரு கை தண்ணி ஊத்தக் கூடாதா?"

"அது எஸ்தர் டின்னுல்லா," என்றேன்.

அம்மா அன்றிலிருந்து தன் டின்னை விட்டுவிட்டு அந்தக் காய்ந்த குச்சியின்மேல்தான் கை கழுவினாள். அவளுடைய கறிவேப்பிலையும் கருகியது. அதற்கும் நாங்கள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

இங்கே பாளையங்கோட்டையில் தண்ணீருக்குக் குறைவில்லை. முற்றத்தில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. யார் எதில் கழுவினாலும் நான் கேட்பதில்லை.