சுவர்ப்பக்கம் திரும்பியவள்

இருபதுக்குப் பூஜ்யம். அதன் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: "பாடத்தில் இல்லாதது."

விடைத்தாளின் நகலைப் பிடித்தபடி மாலைக் கல்லூரியின் வராந்தாவில் நின்றிருந்தவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் விசாரணை மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் 'விசாரணை அக்கா'. மொத்தம் முப்பத்து நான்கு மதிப்பெண். நாற்பது எடுத்தால் தேர்ச்சி. ஆனால் அவளுடைய கோபம் தோற்றதற்காக அல்ல. அந்த இரண்டு சொல்லுக்காக.

பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன படிப்பை இரண்டு வருடத்துக்கு முன்புதான் மறுபடி பிடித்திருந்தாள். இலக்கியம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பஸ் ஓட்டுநரான கணவர் அவளுக்காகக் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, மாலைச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். உப்பு மட்டும் ஒருநாளும் அவர் கைக்கு அடங்கவில்லை. வீட்டோடு இருந்த நாத்தனார் அதை வாய்விட்டே சொல்வாள். அவரும் சளைக்காமல், "நாளைக்கு நீயே செய்" என்பார்.

இரண்டாம் வருடத்தில் ஒரு தாளுக்குப் பழைய துன்பியல் நாடகம் ஒன்று பாடம். நடத்தியவர் துறைத் தலைவர். அவர் வகுப்பில் நாடகத்தைத் திறந்ததே இல்லை. அவரே எழுதி அச்சடித்த வழிகாட்டி ஒன்று இருந்தது: முக்கியக் காட்சிகள் ஐந்து, உத்திகள் பன்னிரண்டு. உருவகம் எங்கே, குறியீடு எது, முன்னுணர்த்தல் எந்த வரியில் என்று எண் போட்டு வாசிப்பார். வகுப்பு மொத்தமும் கிளிப்பிள்ளை மாதிரி எழுதிக்கொள்ளும். அவள் மட்டும் நூலகத்திலிருந்து நாடகத்தை எடுத்துவந்து, ஆஸ்பத்திரியில் துணி வைக்கும் அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள்.

கதை இதுதான். முற்றுகைக் காலம். விடியலில் ஆற்றைக் கடக்கிறவன் எவனானாலும் கொல்லுங்கள் என்று அரசன் ஆணையிடுகிறான். மாறுவேடத்தில் திரும்பி வந்த அவனுடைய சொந்த மகனே அதில் செத்துப்போகிறான். அரசனுக்கும், உடலைக் கழுவிய பணிப்பெண்ணுக்கும் மட்டும்தான் அது இளவரசன் என்று தெரியும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளுக்கு அரசனின் கட்டளை. அந்தக் கை ஈரம் காய்வதற்குள் அரசி கூப்பிடுகிறாள். மகன் வந்தால் போட்டுக்கொள்ளப் புது அங்கி தைக்கவேண்டும், துணியின் மறுமுனையைப் பிடி என்கிறாள். பணிப்பெண் பிடிக்கிறாள். "இன்னும் கொஞ்சம் நீளமாக வெட்டுங்கள், அம்மா" என்கிறாள். மூன்றாம் அங்கத்தின் இந்தக் காட்சிக்கு வழிகாட்டி சொன்ன விளக்கம்: 'பணிப்பெண் சிரிக்கிறாள். இது நகைச்சுவை இடைவேளை. பார்வையாளரின் இறுக்கத்தைத் தளர்த்தும் உத்தி.'

அவள் நாடகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு எங்கேயும் இல்லை. வசனத்துக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இருந்தது ஒரே குறிப்பு: சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அன்று மாலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் இந்தக் காட்சியைச் சொன்னாள். வழிகாட்டியில் சிரிக்கிறாள் என்று போட்டிருப்பதையும் சொன்னாள். நாத்தனார் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பிணத்தைக் கழுவிட்டு வந்தவ எப்படி அண்ணி சிரிப்பா? இதை எழுதினவருக்கு வீட்டுல யாரும் செத்ததே இல்லையா?"

அவளுக்கு இதில் சந்தேகமே இல்லாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் சாவுச் செய்தியை டாக்டர்தான் சொல்லவேண்டும். விசாரணை மேசை வாயைத் திறக்கக்கூடாது. அது நியாயமான விதிதான். ஆனால் இறந்தவர் பெயருக்கு நேரே கோடு போட்ட பட்டியல் முதலில் அவள் கைக்குத்தான் வரும். தேர்வுக்கு முந்தைய மாதம் ஒருத்தி புதுச்சட்டையோடு வந்து நின்றாள். மூன்றாம் மாடியில் இருந்த தன் கணவருக்குக் கையில் ஊசி குத்தியிருப்பதால், முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை வாங்கிவரச் சொன்னார்களாம். கடைக்காரன் கொடுத்தது கொஞ்சம் தொளதொள என்று இருக்கிறதோ என்று விரித்துக் காட்டினாள். அந்தக் கணவரின் பெயருக்கு நேரே இருபது நிமிடத்துக்கு முன்பே கோடு விழுந்திருந்தது. "தொளதொளன்னு இருந்தா நல்லதும்மா, உட்காருங்க, டாக்டர் இப்ப வந்துடுவார்" என்று சொல்லிவிட்டு, கோப்பு தேடுகிற சாக்கில் பின்பக்க அலமாரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தேர்வில் இந்தக் காட்சியே இருபது மதிப்பெண் கேள்வியாக வந்தது. அவள் ஆறு பக்கம் எழுதினாள். பணிப்பெண் சிரிக்கவில்லை, அரசிக்குத் தெரியாதது அவளுக்கும் நமக்கும் தெரியும், அதனால் இது நாடக முரண். நீளமாக வெட்டச் சொல்வது சவத்தை மூடப் போதுமான அளவுக்கு. பொய் சொல்லாமல், கட்டளையையும் மீறாமல், அந்தத் தாய்க்கு அவளால் செய்ய முடிந்த ஒரே உதவி அது. இப்படிப் பக்க எண், வரி எண்ணோடு எழுதினாள். அதற்குத்தான் பூஜ்யம். வழிகாட்டியை அட்சரம் பிசகாமல் ஒப்பித்த வகுப்புத் தோழர், போலீஸ் ஏட்டு, அவருக்குப் பதினாறு. அவரே வெட்கப்பட்டுத் தன் விடைத்தாளின் நகலை வாங்கி அவளிடம் கொடுத்தார். தேவைப்பட்டால் சாட்சிக்கு வருவதாகவும் சொன்னார்.

மறுநாள் நாடகத்தோடு துறைத் தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், பணிப்பெண் சிரிக்கிறாள்னு எந்தப் பக்கத்துல இருக்கு?"

"பன்னெண்டு வருஷமா இப்படித்தான்மா சொல்லிக் கொடுக்கறோம்."

"சொல்லிக் கொடுக்கறீங்கன்னு தெரியும் சார். பக்கத்தைத்தான் கேட்டேன்."

அவர் புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியை ஏற்றி இறக்கினார். அந்த ஒரு வரியைப் படிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு, இதெல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்று மென்று விழுங்கினார். எந்தப் பதிப்பில் சிரிக்கிறாள் என்று அவள் கேட்டதும் புத்தகத்தை மூடி அவள் பக்கமாகத் தள்ளினார்.

"நீங்க வேலைக்குப் போறவங்க. பாஸ் ஆனா போதும்தானே? நோட்ஸ்ல இருக்கறத எழுதிட்டுப் போங்களேன். ஏன் சிரமம்?"

வேலைக்குப் போகிறவளுக்கு நாடகம் எதற்கு, பட்டம் போதும் என்பதுதானே இதன் அர்த்தம்? பத்தொன்பது வருடமாக யார் யாரோ கத்தியபோதெல்லாம் மேசைக்குப் பின்னால் குரலை உயர்த்தாமல் இருந்த பழக்கம்தான் அவளை அப்போதும் காப்பாற்றியது.

"அவ சிரிக்கலை சார். சிரிக்க முடியாது. அந்த மாதிரி இடத்துல நின்னவ சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் போட்டாள். தன் விடைத்தாள், ஏட்டின் விடைத்தாள், நாடகத்தின் அந்தப் பக்கம், வழிகாட்டியின் அந்தப் பக்கம் என நாலையும் ஒன்றாகத் தைத்து இணைத்தாள். விட்டுத்தொலை, அடுத்த தடவை எழுதினால் போகிறது என்று கணவர் முதலில் சொன்னார். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்த பிறகு அவரே விடுப்பு போட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய், ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இருபதுக்குப் பதினைந்து, மொத்தம் நாற்பத்தொன்பது, தேர்ச்சி. நாத்தனார் துள்ளிக்குதித்தாள். அவளோ கடைசி வரியிலேயே நின்றுவிட்டாள்: 'மதிப்பெண்களைக் கூட்டுவதில் நேர்ந்த பிழை சரிசெய்யப்பட்டது.'

"கூட்டலா? பூஜ்யத்துல எதைக் கூட்டினாங்களாம்?" என்றாள். கணவர் பேனாவை எடுத்து நீட்டினார்.

அன்றே பதில் எழுதினாள். தன் தாளில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. பிழை வாசிப்பதில் நேர்ந்தது. நாடகத்தில் இல்லாத சிரிப்பைப் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகள் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதை நீக்குங்கள் என்றாள். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் போட்டாள். அதற்கும் வரவில்லை. வழிகாட்டியின் அடுத்த அச்சில் அந்தக் காட்சியே சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. முக்கியக் காட்சிகள் நாலாகிவிட்டன. சிரிப்பைத் துடைக்கச் சொன்னால் பணிப்பெண்ணையே துடைத்துவிட்டார்களே என்று ஏட்டிடம் பொருமினாள்.

மூன்றாம் வருடத்துக்கும் அதே துறைத் தலைவர், வேறொரு நாடகம், வேறொரு வழிகாட்டி. அவள் முன்வரிசைக்கு மாறிக்கொண்டாள். முதல் நாள் அவர் முதல் உத்தியை வாசித்து முடித்ததும் எழுந்து நின்றாள்.

"எந்தப் பக்கம் சார்?"

அவர் தெரியாது என்றார். அடுத்த வகுப்பிலும் கேட்டாள். அதற்கடுத்த வகுப்பிலும் கேட்டாள். மூன்றாவது வாரம் ஏட்டும் இன்னும் நாலு பேரும் நாடகத்தை வாங்கி மடியில் விரித்து வைத்திருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் துறைத் தலைவரும் ஒரு பிரதியோடு வந்தார். அவளைப் பார்க்காமல், கரகரத்த குரலில், "பக்கம் பதினேழு" என்றார்.