படகில் போன பால்

எங்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியின் மேல்கதவு சரியாக மூடாத ஒரு காலம் இருந்தது. உறைநிலை அறை முழுக்கத் தாய்ப்பால் பைகள். ஒவ்வொன்றையும் தட்டையாக உறைய வைத்து, மேலே தேதி எழுதி, அலமாரியில் புத்தகங்களை நிறுத்துவது போல நெருக்கி நிறுத்தியிருப்பேன். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பட்டறை வேலை முடிந்து வரும் என் கணவர், வழியில் வாங்கிய மீன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பார். “இன்னிக்கே பொரிச்சுடு லா. இதுக்குள்ள ஒரு மீன் வாலுக்குக்கூட எடமில்ல,” என்பார். சலிப்பாகச் சொல்ல முயல்வார். ஆனால் அந்தக் குரலுக்குள் கொஞ்சம் பெருமையும் ஒளிந்திருக்கும்.

எங்கள் மகள் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு மாத விடுப்பு முடிந்ததும் நான் பாலத்துக்கு அப்பால், தீவில், பாயான் லெப்பாஸில் உள்ள தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டேன். மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை. இன்று அங்கே தாய்மார்களுக்கென்று திரைபோட்ட ஒரு தனியறை இருக்கிறது. சிறிய குளிர்பெட்டியும் கை கழுவும் தொட்டியும் இருக்கின்றன. அன்று இருந்தது பழைய சீருடைகளும் காலி அட்டைப் பெட்டிகளும் குவிந்த ஒரு சாமான் அறைதான். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு நாற்காலியைக் கதவோடு ஒட்டிப் போட்டு, அதிலேயே உட்கார்ந்து, வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டபடி பால் எடுப்பேன். அவ்வளவு பதற்றத்திலும் எனக்குப் பால் பெருகியது. மாலையில் தொழிற்சாலைப் பேருந்து பாலத்தைக் கடக்கும்போது மடியில் இருக்கும் பையின் குளிர்ச்சி துணியைத் தாண்டித் தொடையில் உறைக்கும். என் மகளோ கொஞ்சம் குடிப்பாள், உடனே தூங்கிவிடுவாள்.

மீதியை என்ன செய்வது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். குளிக்கும் நீரில் கலந்தால் குழந்தைக்குத் தோல் மிருதுவாகும் என்றாள் கூட வேலை செய்யும் ஒருத்தி. சோப்பு காய்ச்சலாம் என்றாள் இன்னொருத்தி. குளியலில் கலந்தும் பார்த்தேன். மகள் பளபளவென்றுதான் இருந்தாள். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. நாள்பட்ட ஒரு பையை வெட்டித் தொட்டியில் கவிழ்க்கப் போனபோது கை வரவில்லை. ஒரு வயிற்றுக்குள் போக வேண்டியது சாக்கடைக்குப் போகிறதே என்று இருந்தது.

மகளுக்குத் தடுப்பூசி போடப் போன அரசாங்கக் கிளினிக்கில் வயதான மிஸ்ஸி ஒருவர் இருந்தார். எங்கள் ஊரில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் அழைப்போம். “யாருக்காச்சும் குடுக்கலாமா மிஸ்ஸி? கொட்ட மனசு வரல,” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பேஸ்புக்ல போட்டு முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் குடுத்துறாதீங்க. மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணணும். அப்புறம் பாப்போம்,” என்றார். ரத்தம் எடுத்தார்கள். என் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார்.

சில நாள் கழித்து ஓர் ஆண் குரல் அழைத்தது. தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். பல ஆண்டு காத்திருந்து பிறந்த முதல் குழந்தை, குறைமாதத்தில் பிறந்துவிட்டது. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அவருக்குக் கொடுத்த மருந்துகளோடு தாய்ப்பால் கொடுக்க முடியாது. டின் பால் கொடுத்தால் குழந்தைக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. இதையெல்லாம் மிக மெதுவான குரலில் சொன்னவர், கடைசியில் கேட்டார்: “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா? ஆணா, பொண்ணா?”

எனக்குச் சுருக்கென்றது. பால் கேட்க வந்தவர், சம்பந்தம் பேச வந்தவரைப் போல விசாரிக்கிறாரே என்று நினைத்தேன். “ஒரே பொண்ணு. எதுக்குக் கேக்குறீங்க?” என்றேன். “அதை போன்ல சொல்ல முடியாது. வீட்டுக்கு வரலாமா?” என்றார்.

அன்று மாலையே, கடலுக்கு இக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய, தோள் அகன்ற மனிதர். கடையில் இருந்து நேரே வந்திருந்தார். குளித்து உடை மாற்றியும் மசாலா மணம் போகவில்லை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் கணவரைப் பார்த்துப் பேசினார்.

“தம்பி, எங்க மார்க்கத்துல ஒரு பிள்ளைக்கு யார் பால் குடுக்குறாங்களோ அவங்களும் அதுக்குத் தாய்தான். அவங்க பிள்ளைங்க இவனுக்குக் கூடப்பொறந்தவங்க. நாளைக்கு இவனுக்கும் உங்க மகளுக்கும் கல்யாணம்னு ஒரு பேச்சு வரக்கூடாது. இமாம் கிட்ட கேட்டுட்டேன். வேற மதத்துக்காரங்க பாலா இருந்தாலும் குடுக்கலாம், ஆனா ரெண்டு குடும்பமும் தெரிஞ்சு வெச்சிருக்கணும்னு சொன்னாரு.”

என் மகள் அப்போது தரை விரிப்பில் குப்புற விழுந்து தன் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்யாணத்தைப் பற்றி உலகத்தில் முதன்முதலாகப் பேசியவர் அவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. கணவருக்கு வரவில்லை. “அப்படின்னா இது சொந்தம் ஆகுறது மாதிரிதானே?” என்று கேட்டார்.

“ஆமா தம்பி. பால் கேக்குறது லேசு. இதைக் கேக்கத்தான் தயக்கமா இருந்துச்சு. நீங்க வீடு மாறினா சொல்லணும். ஊர் மாறினா சொல்லணும். எம் பையன் வளந்து, நான் யார் பால் குடிச்சேன்னு கேட்டா, இவங்கதான்னு நான் கூட்டியாந்து காட்டணும். யாருன்னே தெரியாத பாலை அவனுக்குக் குடுக்க மாட்டேன்.”

நான் நினைத்திருந்தது வேறு. சின்னதாகிப்போன சட்டைகளைத் துவைத்து மடித்து யாருக்கோ கொடுப்பது போல, பைகளைக் கொடுத்துவிட்டால் பெட்டி காலியாகும், மனமும் லேசாகும் என்று எண்ணியிருந்தேன். இந்த மனிதரோ, முகம் அறியாத ஒரு குடும்பத்தை எங்கள் ஆயுள் முழுவதும் எங்களோடு முடிச்சுப் போட வந்திருந்தார். கணவரும் நானும் சமையலறைக்குள் போய் நின்றோம். “நம்ம ஆளுங்க என்ன சொல்வாங்க?” என்றார் அவர். கூடத்தில், பாய் தரையில் மண்டியிட்டு, என் மகளின் முன்னால் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் அந்த விரலைப் பிடித்ததும் அவர் முகம் கோணியது. அழுகையை அடக்குகிறார் என்று புரிந்தது. கணவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். “எதை மொதல்ல குடுக்கறது? பழசையா, புதுசையா?” என்று என்னிடம் கேட்டார்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் தயங்கினார். என் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து, இரு வீட்டாரையும் நேரில் கேட்டு, பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் கொடுப்போம் என்று சொல்லிச் சம்மதித்தார். அதன் பிறகு பாய் மோட்டார் சைக்கிளில், வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் பழைய மஞ்சள் படகில் ஏறிக் கடலைக் கடந்து வருவார். துறைமுகத்தில் என் கணவர் பைகளைக் கொடுப்பார். பாய் தான் புதிதாக வாங்கிய கூலர் பெட்டியை வண்டியின் பின்னால் கட்ட மாட்டார்; கால்களுக்கு நடுவில்தான் வைத்துக்கொள்வார். படகு நகரும்போது எல்லோரும் காற்று வாங்க ஓரத்துக்குப் போனாலும் அவர் மட்டும் பெட்டிமேல் ஒரு கையை வைத்தபடி நிற்பாராம். சில நாட்களில் எங்களுக்கும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வரும். அதில் கோழி இருக்கும், மீன் இருக்கும், மாட்டிறைச்சி வாடைகூட இருக்காது.

சாமான் அறையில் உட்கார்ந்திருக்கும்போது தொலைபேசியில் அவருடைய செய்தி வரும். “இன்னிக்கு எடை ஏறியிருக்கு.” வேறொரு நாள், “இன்னிக்கு அப்படியே நிக்குது, துவா செய்யுங்க.” ஒரு முறை படம் அனுப்பினார். மூக்கில் நூல் போன்ற ஒரு குழாய், அதற்குள் வெள்ளையாக என் பால். குழந்தை அவருடைய முன்கையின் நீளம்கூட இல்லை. அன்று கதவுக்கு வெளியே யாரோ நடந்தார்கள். எனக்குப் பதற்றமே வரவில்லை.

ஒரு நாள் தொலைபேசியில் பேசும்போது இயல்பாக “சரிங்கண்ணே” என்றேன். அவர் அவசரமாக மறித்தார். “அண்ணேன்னு கூப்பிடாதீங்கம்மா. நான் உங்களுக்கு அண்ணன்னா உங்க மகளுக்குத் தாய்மாமன். மாமன் மகன் முறை மாப்பிள்ளை ஆயிருவான். எல்லாம் குழம்பிப் போகும்.” அப்படியானால் எப்படித்தான் கூப்பிடுவது என்றேன். “எல்லாரையும் போல பாய்னே கூப்பிடுங்க.” பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், போனில் கேட்கும்படி, “பாய்னாலும் அண்ணன்னுதானே அர்த்தம்?” என்றார். “அது வேற பாஷை தம்பி, செல்லாது,” என்று பாய் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அவருடைய மனைவி பிழைத்துக்கொண்டார்; பால்தான் வற்றிப்போயிருந்தது. பின்னர் குழந்தையும் வீட்டுக்கு வந்தது. அதோடு படகுப் பயணம் நின்றது. “கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்மா,” என்று மட்டும் பாய் சொன்னார். குரலில் சங்கடம். காரணத்தை நானே ஊகித்துக்கொண்டேன். அந்த அம்மா அத்தனை ஆண்டு தவமிருந்து பெற்ற பிள்ளை. கண் விழித்துப் பார்த்தால் அவன் வேறொருத்தியின் பாலில் தேறியிருக்கிறான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் எனக்கு அந்தப் பைகளைப் பார்க்கப் பிடித்திருக்காது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும், எடை ஏறியதா என்று கேட்க உரிமை இல்லாமல் போனது வலித்தது. பெட்டி மறுபடி நிரம்பியது. கணவர் மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு காலைப்பொழுதில், வேலைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருந்தபோது, பாயின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண் குரல்.

“தங்கச்சி, டின் பால் இவனுக்கு இன்னும் சேரல. பால் அனுப்புறீங்களா?”

தொலைபேசியைக் காதோடு வைத்தபடி நின்றேன். பேருந்து வந்து நின்று, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. “அக்கா, பாயை வரச் சொல்லுங்க. இன்னிக்கு நான் வீட்டுலதான் இருப்பேன்,” என்றேன்.

பையன் கஞ்சி குடிக்கும் வயது வரும்வரை பால் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா தாமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்த உருவம், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “நீங்க இவனை ஒரு தடவையாச்சும் தூக்கியிருக்கீங்களா?” என்று கேட்டார்.

இல்லை. அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. என் பால் கடல் தாண்டிப் போயிருக்கிறது, குழாய் வழியாக அவனுக்குள் போயிருக்கிறது. நான் அவனைத் தொட்டதில்லை. அக்கா அவனை என் மடியில் கிடத்தினார். கனமாக இருந்தான். என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். “ஐசியூல கண்ணத் தொறந்தப்ப, எம் புள்ள போயிருப்பான்னுதான் நெனச்சேன். இருக்கான்னு சொன்னாங்க. அந்தச் சந்தோஷத்துலயும் எனக்கு உங்க மேல கோவம் வந்துச்சு தங்கச்சி,” என்றார். “எனக்கும் வந்திருக்கும்க்கா,” என்றேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தார். நெடுநேரம் இருந்து, சாப்பிட்டுவிட்டு, பால் இருந்த குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பாய் கேட்டபடியே ஆனது. நாங்கள் வீடு மாறியபோது கணவர் முதலில் சொன்னது அவரிடம்தான். நோன்புப் பெருநாளைக்கு நாங்கள் தீவுக்குப் போகிறோம். தீபாவளிக்கு அவர்கள் வருகிறார்கள். என் மகள் அவரைப் பெரியப்பா என்கிறாள். கிளினிக் மிஸ்ஸி பணி ஓய்வு பெற்றுவிட்டார். மஞ்சள் படகுகளும் போய், கார் ஏறாத புதிய படகுகள் வந்துவிட்டன.

இந்தப் பள்ளி விடுமுறையில் மூவரும் வந்திருந்தார்கள். பையன் இப்போது பள்ளியில் ஒன்றாம் ஆண்டு படிக்கிறான். இன்னும் ஒல்லிதான், ஆனால் படகுத்துறையிலிருந்து நடந்து வரும் வழியெல்லாம் பாய் அவன் பின்னால் ஓடி வந்ததாகச் சொல்லி மூச்சு வாங்கினார். குழந்தைகள் இருவருக்கும் பால் ஊற்றி மைலோ கலக்கி வைத்தேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு டம்ளரைத் தள்ளினான்.

“பால் வேணாம். வாடை அடிக்குது.”

பெரியவர்கள் நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பாய்க்குத் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவனைவிடச் சில மாதம் மூத்தவள் என்ற அதிகாரத்தோடு இடுப்பில் கை வைத்தாள்.

“குடி டா. சின்னப் பிள்ளையில நீ குடிச்சதே என்னோட பாலு.”

அவன் டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான்.

“அப்ப இந்தா,” என்று அவள் பக்கம் நகர்த்தினான். “திருப்பிக் குடுத்துட்டேன்.”

அவள் வேறு வழியில்லாமல் இரண்டு டம்ளரையும் குடித்தாள்.