எக்ஸில்டா லானூவின் மகன்

1961 மார்ச் 6. ஞானஸ்நானப் பதிவின் பிரதி ஒன்று. 50 சென்ட்.
1961 ஏப்ரல் 19. மரணப் பதிவின் பிரதி இரண்டு. 1 டாலர்.
1961 மே 30. அபிதிபிக் கோயில் பங்குகளுக்குக் கடிதம் பதினொன்று. தபால்தலை 55 சென்ட்.
1961 செப்டம்பர் 12. பதினொன்றாவது பதிலும் வந்தது. இல்லை.

இந்தக் கணக்கை எழுதியவர், சேந்தியசாந்த் ரயில் நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஃபிலெமோன் ஷாரே. அதன் பிறகு ஊர்க் கல்யாணங்களைச் சீட்டுகளில் எழுதிச் சுருட்டுப் பெட்டிகளில் அடுக்கி வந்தார். ஜூலையானால், பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் மாசசூசெட்ஸிலிருந்து முன்னோரைத் தேடி வருவார்கள். வம்சத்தில் ஒரு பிரபுவாவது கிடைப்பானா என்று கேட்பார்கள். ஷாரே கிணறு தோண்டியவனையும் கூலிப் படைவீரனையும் ஆதாரத்தோடு எடுத்துக் கொடுப்பார்.

ஆர்ஸெலி பாயே அப்படி வரவில்லை. சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரி. அந்தக் குளிர்காலத்தில்தான் கடைசித் தங்கையையும் புதைத்திருந்தாள்.

"செத்தவங்க பட்டியல் எனக்கு வேணாம், மிஸ்யே ஷாரே. உசுரோட ஒருத்தன் வேணும்" என்றாள்.

1918 விஷக்காய்ச்சலில் தாய் போனாள். நான்கு வயதுத் தம்பி தெலெஸ்ஃபோரைச் சித்தப்பா ஒனோரியுஸ் வடக்கே அபிதிபிக்குக் கூட்டிப் போனார். அடுத்த வருஷம் மரம் வெட்டும் முகாமில் தகப்பனும் இறந்தார். அதன்பின் வடக்கிலிருந்து ஒரு வரி இல்லை.

ஒருவனுக்குக் கல்யாணமானால், அவன் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குத் தகவல் போகும். பழைய பதிவின் ஓரத்தில் குறித்து வைப்பார்கள். தெலெஸ்ஃபோர் ஞானஸ்நானம் பெற்ற கோயில் 1943இல் எரிந்துவிட்டது. நீதிமன்றத்தில் வைத்திருக்கும் மறுபிரதியில் ஓரக்குறிப்பு கிடையாது. அதனால்தான் ஷாரே பதினொரு பங்குத்தந்தைகளுக்கும் எழுதி, தெலெஸ்ஃபோர் பாயேயின் கல்யாணம் உண்டா என்று கேட்டார்.

பதினொன்றாவது பதிலை அவர் மூன்றாம் முறை படித்தபோது, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த மனைவி கொரினுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பன் பேரையே கட்டிக்கிட்டு அழுவுறீங்களே, பெத்தவளுக்குப் பேரு இல்லையா? நாளைக்கு நான் செத்தா ஷாரேன்னா எழுதப்போறாங்க? கொரின் ரேன்வில்னு பொறந்த வீட்டுப் பேரைத்தானே எழுதுவாங்க?"

ஷாரே கடிதத்தைக் கீழே வைத்தார். சரக்கு ரயிலுக்கே தவறான தடம் காட்டியவரைப் போல உட்கார்ந்திருந்தார். ஆண் வழியில் வரும் இரட்டைக் குடும்பப்பெயர் பிரியலாம், பாதியாகலாம். பெண் பிறந்த வீட்டுப் பெயரோ பிள்ளையின் கல்யாணப் பதிவு வரை மாறாமல் வரும். மறுநாளே அதே பதினொரு பேருக்கும் மறுபடி எழுதினார்: மாப்பிள்ளையின் குடும்பப்பெயர் எதுவானாலும் சரி, தாய் எக்ஸில்டா லானூ என்றிருக்கும் கல்யாணம் உண்டா?

ஜனவரியில் ஒரு பதில் கல்யாணப் பதிவோடு வந்தது. 1939. தெலெஸ்ஃபோர் சேந்தமூர், காலஞ்சென்ற எக்ஸில்டா லானூவின் மகன். சாட்சி, ஒனோரியுஸ் சேந்தமூர். ஆள் உயிரோடு இருக்கிறான், ஆறு மாடு கறக்கிறான் என்று பங்குத்தந்தை கீழே சேர்த்திருந்தார். ஆனாலும் ஷாரே உடனே சொல்லவில்லை. ஒனோரியுஸின் ஞானஸ்நானப் பதிவை வரவழைத்து, "பாயே என்கிற சேந்தமூர்" என்ற வரியைக் கண்ணால் பார்த்த பிறகே சலவைக்கூடத்துக்கு நடந்தார்.

ஆர்ஸெலி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். "எங்க பேரு வேணாம்னு மாத்திக்கிட்டானா?"

"மாத்தல. சேந்தமூர்ங்கிறது படையில இருந்த உங்க பாட்டன் ஒருத்தருக்கு வெச்ச பட்டப்பேர், ரெண்டுமே உங்களுதுதான். உங்கப்பா முன்பாதிய வெச்சுக்கிட்டார். சித்தப்பா பின்பாதிய எடுத்துக்கிட்டு வடக்க போனார்."

"எங்கள நெனப்பு இருக்குமா?"

அதற்குப் பதிவேடு கிடையாது என்றார் ஷாரே. நீங்களே எழுதிக் கேளுங்கள் என்றார். அவள் அன்றே எழுதினாள். ஒரு மாதம் போயிற்று. தவக்காலம் தொடங்கியது. முதல் பதில் அவன் மனைவியிடமிருந்து வந்தது: பெற்ற வீட்டில் எல்லாரும் காய்ச்சலில் செத்துவிட்டதாகச் சொல்லி அவரை வளர்த்திருந்தார்களாம், கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாராம்.

தன் கையால் அவன் எழுதியது அதற்கு அப்புறம்தான். அக்காவின் சிவப்புக் கையுறை மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஈஸ்டர் ஞாயிறு பிள்ளைகளோடு வருகிறேன், ஐந்து பேருக்கு இடம் இருக்குமா என்று கேட்டிருந்தான். அந்தக் கடிதம் வந்த நாள் 1962 ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை. ஈஸ்டருக்கு இன்னும் ஐந்தே நாள்.