எண்ணெய் போட்ட சக்கரம்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் ‘மேலகீழ’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்த கம்பவுண்டர் ஓய்வு பெற்றுப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை. இருபத்தாறு வருஷமாக அவர் ஓட்டுவது ஏழு மாடிக்கும் போகும் ஸ்ட்ரெச்சர் லிஃப்ட். பழைய காலத்துச் சாமான். கைப்பிடியைத் திருப்பித்தான் நிறுத்த வேண்டும். நாள் பூராவும் நின்றுகொண்டே வேலை. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடக்கும்.

கைப்பிடி உள்சுவரில் இருந்ததால், ஏறுகிறவர்களுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டு நிற்பார். யார் ஏறினார்கள் என்பதைக் காது சொல்லிவிடும். சாப்பாட்டு வண்டி தடதடவென்று வரும். பிறந்த குழந்தையின் தொட்டில் வண்டி வருவதே தெரியாது, பின்னால் வரும் சொந்தக்காரர்களின் கூச்சல்தான் காட்டிக்கொடுக்கும். பிணவறை வண்டிக்கு முன்சக்கரம் ஒன்று கிறீச்சிடும்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாயைத் திறக்காமல் ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டே இருப்பார். கிறீச் கேட்ட மாத்திரத்தில் முனகல் தானாக நின்றுவிடும். ஒருநாளும் தப்பியதில்லை.

மதியம் அரை மணி நேரம் வாசல் காவலாளி லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்வார். இவர் சாப்பாட்டுத் தூக்கோடு மொட்டைமாடிக்குப் போவார். லிஃப்ட் மோட்டார் அறைக்கு வெளியே, காலி பினாயில் கேன்களைப் பாதியாக அறுத்து, கத்தரியும் புதினாவும் ஒரு செம்பருத்தியும் வைத்திருந்தார். ஏசி பெட்டிகள் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுவார். இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். நேற்றைய மொட்டு இன்றைக்கு எவ்வளவு பருத்திருக்கிறது என்று பார்ப்பார். பெரிய சந்தோஷம் என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. முட்டி வலி அந்த அரை மணிக்கு ஞாபகம் வராது, அவ்வளவுதான்.

அந்தக் கிறீச் சத்தம் தாங்கவில்லை என்று ஸ்டோர்காரரிடம் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரே இவர்தான். “போறவங்களையாவது நிம்மதியா அனுப்புங்கய்யா, ஒரு சொட்டு எண்ணெய்க்கு என்ன கேடு?” ஒரு திங்கட்கிழமை காலையில், இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், யாரோ எண்ணெய் போட்டுவிட்டார்கள்.

அன்று ஐந்தாம் மாடியில் வண்டி ஒன்று வழுக்கிக்கொண்டு ஏறியது. யாரோ குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்தார். மதியம் செம்பருத்தி பூத்திருந்ததைப் பார்த்த சந்தோஷம் வேறு. துள்ளலான மெட்டு ஒன்றை ஐந்திலிருந்து இரண்டு வரை முனகிக்கொண்டே இறக்கினார்.

“கொஞ்சம் நிறுத்துறீங்களாய்யா?”

திரும்பிப் பார்த்தார். தலை வரைக்கும் மூடிய வெள்ளைத்துணி. அதன்மேல் கைவைத்தபடி ஒரு பெண், முப்பது வயதிருக்கும். “எங்க அப்பா,” என்றாள். திட்டவில்லை. புகாரும் கொடுக்கவில்லை. கீழே கதவைத் திறந்தபோது இவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் வண்டி போய்விட்டது.

அன்றோடு முனகல் நின்றது. மொட்டைமாடிக்கும் போகவில்லை. காவலாளியிடம், “நீ போய்ச் சாப்பிடுப்பா, நானே பாத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டு, லிஃப்ட்டுக்குள்ளேயே நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிற்பதுதான் நியாயம் என்று அவருக்குப் பட்டது.

பதினோராம் நாள், மாடி கூட்டும் அம்மாள் துடைப்பத்தோடு ஏறினாள்.

“அண்ணே, உங்க கத்தரிக்காய்க்கு ஈமச்சடங்கு எப்போ?”

“போகுது விடும்மா.”

“போகுது விடவா? இலையெல்லாம் அப்பளமா நொறுங்குது. வாளி ரொம்பி வழியுது, ரெண்டடி தள்ளி செடி காயுது. நான் ஊத்தலாம்னு போனேன். உங்க கைபட்ட செடியாச்சே, அப்புறம் ஏன் தொட்டேன்னு கேட்டுட்டா?”

“நான் என்னம்மா கேக்கப்போறேன்.”

“அதான் பயமா இருக்கு. முன்னெல்லாம் கேப்பீங்க.” ஆறாவது மாடியில் இறங்கிக்கொண்டே சொன்னாள்: “உங்களுக்கு யார் மேல கோபமோ தெரியாது. செடி என்ன பண்ணுச்சு?”

வீட்டில் மனைவி பள்ளிச் சீருடைகள் தைக்கிறவள். அன்று மாலை, ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி இவரிடம் நீட்டினாள். இரண்டு பேருக்கும் கண் மங்கல். நாலாவது முயற்சியில் கோத்தார்.

“என்னாச்சு உங்களுக்கு? குளிக்கிற அறையில சத்தத்தையே காணோம். ரேடியோ ரிப்பேரா?”

சொன்னார். சக்கரம், எண்ணெய், வெள்ளைத்துணி எல்லாம் சொன்னார். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு அதை மறக்கவே மாட்டா,” என்றார்.

“மாட்டாதான்,” என்றாள் மனைவி. அவர் வேறு பதிலை எதிர்பார்த்திருந்தார். “அப்பா செத்த அன்னைக்கு ஒருத்தன் பாடினான்னு சாகிற வரைக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்காக? நீங்க ஊமையாயிட்டா அந்த மனுஷன் எந்திரிச்சு வந்துடுவாரா?”

“அதில்ல...”

“போன மழைக்கு ஒரு நர்ஸ் பொண்ணு லிஃப்ட்டுக்குள்ள ரத்த பாட்டிலெல்லாம் போட்டு உடைச்சுதே, அதுகிட்ட என்ன சொன்னீங்க? வந்து எங்கிட்ட பெருமையா சொன்னீங்களே.”

யோசித்தார். “போம்மா, மூஞ்சியைக் கழுவிக்கிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வா, நான் பெருக்கிடறேன்னு.”

“அந்த நர்ஸ் பொண்ணுக்கு ஒரு நிமிஷத்துல மன்னிப்பு கொடுத்தீங்க. உங்களுக்குக் கொடுக்கப் பதினோரு நாளா கை வரல. அப்படி என்ன ஊரான் வீட்டு ஆளா நீங்க?” மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். “இந்தக் காலர் முடியட்டும், சாப்பாடு போடறேன்.”

மறுநாள் மதியம் மேலே போனார். ஏழாவது மாடிக்கு மேல் படிதான். ஒவ்வொன்றுக்கும் முட்டி ஒரு வார்த்தை பேசியது. வெயிலில் கண் கூசியது. புதினா போய்விட்டது, வைக்கோல் மாதிரி. செம்பருத்தியில் இலையே இல்லை. குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தார், உள்ளே பச்சை இருந்தது. நான்கு கத்தரியில் ஒன்று தலை தொங்கி நின்றது. காய்ந்துபோன மற்ற மூன்றையும் பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

தண்ணீர் ஊற்றியதும் காய்ந்த மண் சீறியது. ஊற்றிய வேகத்தில் அடியில் ஒழுகிப்போனது. பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஊற்றினார். வாளியில் மிஞ்சியதில் முகம் கழுவினார். வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டு, நிழல் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தூக்கைத் திறந்தார். பதினோரு நாளாக நின்ற கால்கள், உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நடுங்கின.

சாப்பிட்டு முடித்தபின் முனகிப் பார்த்தார். தொண்டை கரகரத்தது, மெட்டு பாதியில் அறுந்தது. வெள்ளைத்துணிமேல் கைவைத்திருந்த பெண்ணின் முகம் வந்தது. வரட்டும் என்று இருந்தார். கொஞ்சம் பொறுத்து விட்ட இடத்தைத் தேடினார். கிடைக்கவில்லை, முதலிலிருந்து தொடங்கினார். லிஃப்ட்டுக்குள் இனி கிடையாது. யாரும் சொல்லாமலே அவர் எடுத்த முடிவு. இங்கே இருக்கலாம்.

பக்கத்து அறையில் மோட்டார் ஓடி, திணறி நின்றது. காவலாளி மூன்றாம் மாடியில் இரண்டு விரல்கடை தாழ்வாக நிறுத்திவிட்டார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. சாப்பாட்டு வண்டியாக இருந்தால் முட்டிக்கொள்ளும். மற்ற நாளாக இருந்தால் பாதி வாயோடு ஓடியிருப்பார்.

மணியைப் பார்த்தார். இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. மோட்டார் மறுபடி முனகியது, இந்த முறை கொஞ்சம் மேலே.

“சரியா வரும், வரும். இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா,” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். கால்களை நீட்டிக்கொண்டார்.