கிழக்கே ரோடு

ராபர்ட்சன்பேட்டையில் அப்போதுதான் மனை பிரித்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். நான் பக்கத்து நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் காலை ஷிப்டு ஆள். குடியிருந்தது கம்பெனி லைன் குடிசையில். வேலை போனால் குடிசையும் போகும். அந்தப் பயத்தில்தான் ஊருக்குத் திரும்பப்போகிற ஒரு தச்சரின் மனையைப் பேசி முடித்தேன். அவர் இரண்டு நாளில் ரயிலேறுவதாக இருந்தார்.

அந்த ஊரில் கிரயப் பத்திரம் கன்னடத்தில்தான் எழுதவேண்டும். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குத் தமிழே தடுமாற்றம். பஜாரில் பத்திரம் எழுதும் ஒரு பெரியவரிடம் போனேன். மனைக்கு எண் போடாத காலம் அது. நாலு எல்லையும்தான் அடையாளம். கிழக்கே ரோடு, மேற்கே காலி மனை என்று கடகடவென ஒப்பித்தேன். எல்லாம் குறித்துக்கொண்டு, "நாளைக் காலையில இடத்தைப் பாத்துட்டு எழுதறேன்" என்றார்.

"நான்தான் சொல்லிட்டேனே, சாமி."

"நீ சொன்னே. நான் பாக்கலையே."

கூலியை ஏற்றத்தான் நாளைக் கடத்துகிறார் என்று வீட்டில் வந்து திட்டினேன்.

"இந்த மனையை நெனச்சி பத்து நாளா தூங்காம கெடக்கிறது நீங்க. அவரு ஒரு நட வந்து பாத்தா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள் என் மனைவி.

மறுநாள் ஷிப்டை விட்டுவிட்டு மனைக்குப் போனேன். தச்சரும் வந்திருந்தார். பெரியவர் மனை நடுவில் நின்று, "கிழக்கைக் காட்டு" என்றார். ரோட்டுப் பக்கம் கை நீட்டினேன்.

"வெயிலு உன் முதுகுல அடிக்குதேப்பா."

தச்சர் சிரித்துவிட்டார். "விடுங்க சாமி, பூமிக்குள்ளயே கெடக்கிற ஆளு. சூரியனைப் பாத்து எத்தினி நாளாச்சோ."

சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டை விட்டு இறங்கினால் வலது கைப் பக்கம் கிழக்கு. எங்களுக்கு அதுதான் கணக்கு. கீழே, கூண்டு ஏறி இறங்கும் ஷாஃப்டுக்கு முதுகு காட்டி நிற்போம். நான் மனை பார்க்க வந்த சாயங்காலம் மழை மூட்டம். தூரத்தில் தெரிந்த ஷாஃப்டுக் கோபுரத்தைப் பார்த்தபடி நின்று அதே வலது கையைக் கிழக்கு என்று மனசில் முடிந்துகொண்டேன். எல்லாமே தலைகீழாகிப் போயிருந்தது.

பெரியவர் சிரிக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த காலி மனையைக் காட்டினார். "அதுக்குத்தான் கிழக்கே ரோடு. நீ சொன்னபடி எழுதியிருந்தா அதுதான் உன் பேருக்கு வந்திருக்கும். அது வேற ஒருத்தருது. நீ வீட்டைக் கட்டினப்புறம் யாரையும் கேட்டு அழ முடியாது. இவரும் ஊர்ல இருக்கமாட்டாரு."

முதல் நாள் வீட்டில் திட்டியதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லைக் கல்லுக்குக் கல் நடந்து அளக்கத் தொடங்கியிருந்தார். அன்று மாலையே பத்திரம் எழுதி, மறுநாள் பதிந்தாயிற்று. கூலி முதலில் பேசியதுதான்.

இப்போதும் யாராவது என் காரியத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டால் முதலில் அவர்மேல் சந்தேகம்தான் வருகிறது. ஆனால் வாயைத் திறக்கும் முன், நான் சொன்னது சரிதானா என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.